தோன்றா எழுவாய்

1

குந்தாரப்பள்ளியில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை கூடும். விடிவதற்கு முன்பே வண்டிகள் வந்து சேர்ந்துவிடும். வெயில் ஏறுவதற்குள் பேரம் பாதி முடிந்திருக்கும். கம்பெனி பஸ்கள் வருவதும் அதே நேரத்தில்தான். இரவு ஷிப்ட் முடித்த பெண்கள் கூட்ரோட்டில் இறங்கி, வண்டிகளுக்கும் ஆடுகளுக்கும் நடுவே வழி பார்த்துத் தங்கள் அறைகளுக்கு நடப்பார்கள். செவ்வாயும் வெள்ளியும் பெண்கள் தலைக்குக் குளிக்கும் நாள் என்பது ஊர்ப் பழக்கம். இந்தப் பெண்களுக்கு வார விடுப்பு என்றைக்கு விழுகிறதோ அன்றைக்குத்தான் வெள்ளிக்கிழமை.

அப்படி ஒரு காலையில் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். தலையில் ஈரத்துண்டு. கையில் ஒரு பழைய தண்ணீர் பாட்டில். அதற்குள் வெளிர் நிறத்தில் ஏதோ ஒரு நீர், மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம். மூடியைத் திறந்தபோது ஊறுகாய் ஜாடியையும் தைல டப்பாவையும் ஒன்றாகத் திறந்த மாதிரி வாடை அடித்தது.

"மேடம், இதுல எல்லாமே இயற்கைதான். அப்புறம் ஏன் மேடம் இப்படி எரியுது?"

துண்டை அவிழ்த்தாள். வகிட்டை ஒட்டியும் காதுக்குப் பின்னாலும் தோல் சிவந்து கன்றியிருந்தது.

விஷயம் இதுதான். அவளும் இன்னும் ஐந்து பெண்களும் இரண்டு அறை வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். போர் தண்ணீர். ஊரை விட்டு இங்கே வந்து எட்டு மாதத்தில் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டத் தொடங்கியது. வினிகரையும் தண்ணீரையும் கலந்து, அதில் டீ ட்ரீ எண்ணெயும் ரோஸ்மேரி எண்ணெயும் சில சொட்டு விட்டுத் தலையை அலசினால் கொட்டுவது நிற்கும் என்று ஒரு குறிப்பைப் படித்திருக்கிறாள். வினிகரும் தண்ணீரும் சரிபாதி. எண்ணெய், சொட்டுக் கணக்கில்லாமல். சீக்கிரம் பலிக்க வேண்டுமே என்று பத்து நிமிடம் ஊறவும் விட்டிருக்கிறாள். இரண்டு சின்ன எண்ணெய்ப் பாட்டில்களுக்கு மட்டும் அறுநூறு ரூபாய்க்கு மேல் ஆகியிருக்கிறது. அந்த மாதம் வீட்டுக்கு அனுப்பும் பணத்தில் அந்த அறுநூறு குறைந்தது.

அவள் தலையை நிறைய தண்ணீர் விட்டு அலசச் சொன்னேன். அலசும்போது எனக்கு நான்கு வருடத்துக்கு முந்தைய ஒரு வகுப்பு நினைவுக்கு வந்தது. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை நடத்திக்கொண்டிருந்தேன். மாதவி கூந்தலை நறுநீரில் ஆட்டும் இடம். பத்து வகைத் துவர், ஐந்து வகை விரை, முப்பத்திரண்டு வகை ஓமாலிகை என்று கரும்பலகையில் எழுதி, "பாருங்கள், தமிழர் அழகுக்கலையின் உயரத்தை" என்று பெருமையோடு சொன்னேன். மூன்றாவது வரிசையிலிருந்து இதே பெண்தான் கேட்டாள்: "மேடம், மொத்தம் நாற்பத்தேழு. இத்தனையையும் யார் மேடம் ஊற வெச்சது?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். "அது தேர்வுக்கு வராது" என்று சொல்லி அடுத்த வரிக்குப் போனேன்.

அன்று நான் தாண்டிப் போன அந்தக் கேள்விக்கு இந்தக் கட்டுரையில் பதில் தேடுகிறேன்.

2

அழகுக் குறிப்பை யாரும் இலக்கிய வகையாகக் கருதுவதில்லை. நம் பெண்கள் அதிகம் படித்த உரைநடை எதுவென்று கணக்கெடுத்தால் சமையல் குறிப்புக்கு அடுத்தபடியாக அதுதான் வரும். வார இதழ்களின் கடைசிப் பக்கங்களிலும், காலண்டர் தாளின் பின்புறத்திலும், இப்போது கைப்பேசியிலும் அது இருக்கிறது. ஒரு பிரதியை வாசிப்பது போல அதை வாசித்துப் பார்க்கலாம்.

முதலில் அதன் இலக்கணம். எடுத்துக்கொள்ளவும், கலக்கவும், வடிகட்டவும், தேய்க்கவும், அலசவும். எல்லாம் வினைகள். செய்பவள் யார் என்ற சொல் ஓர் இடத்திலும் இருக்காது. தமிழ் இலக்கணத்தில் இதற்குத் தோன்றா எழுவாய் என்று பெயர். எழுவாய் இருக்கிறது, வெளியே தோன்றுவதில்லை. சொல்லாமலே புரியும் என்பதால் விட்டுவிடுகிறோம். அழகுக் குறிப்பில் சொல்லாமலே புரிவது பெண். அவளைத் தவிர வேறு யாரை நோக்கி "அரைக்கவும்" என்று ஒருவர் எழுதுவார்?

அடுத்து அதன் காலம். இரவு முழுக்க ஊற வைக்கவும் என்று இருக்கும். எந்த இரவு? இரவு ஷிப்டுக்குப் போகிறவளின் இரவா? நிழலில் மூன்று நாள் உலர்த்தவும் என்று இருக்கும். ஆறு பேர் துணி காயப்போடும் மொட்டை மாடியில் எந்த நிழல்? குளிர்ந்த நீரில் நன்றாக அலசவும் என்று முடியும். எத்தனை குடம் என்று எழுதியிருக்காது. அந்த எழுத்தில் தண்ணீருக்கு அளவு தேவைப்படுவதில்லை, குழாயைத் திறந்தால் வரும் என்பது முடிவாகிவிட்ட சங்கதி.

மூன்றாவது, அதன் சான்று. பாட்டி சொன்னது, பழங்காலத்தில் செய்தது, இயற்கையானது. இந்த மூன்றில் ஏதாவது ஒன்று போதும், மேற்கொண்டு நிரூபணம் வேண்டியதில்லை. பாட்டி என்ற சொல்லுக்குள் எந்தப் பாட்டி என்ற கேள்வி அடங்கிவிடுகிறது. வடிகஞ்சியில் தலை அலசிய பாட்டிக்குச் சோறு வடித்த வீடு இருந்திருக்கிறது. எங்கள் பக்கம் கேழ்வரகுக் களி தின்ற வீடுகளில் நெல்லுச்சோறு நோன்புக்கும் பண்டிகைக்கும்தான். அந்த வீட்டுப் பாட்டி கஞ்சிக்கு எங்கே போவாள்? 'நம் பாட்டிமார்' என்று பொதுவாகச் சொல்லும்போது எந்தச் சாதியின், எத்தனை ஏக்கரின் பாட்டி என்பது மறைந்துபோகிறது.

இந்த மூன்றும் சேர்ந்து ஒரு காரியம் செய்கின்றன. முடி கொட்டுவதை ஒருத்தியின் சொந்தப் பொறுப்பாக ஆக்குகின்றன. தண்ணீர், சம்பளம், தூக்கம், சாப்பாடு ஆகிய எதற்கும் அந்த எழுத்தில் இடம் கிடையாது. குறிப்பை ஒழுங்காகச் செய்யாததால் பலிக்கவில்லை என்று அவளே நினைத்துக்கொள்வாள். என் மாணவியும் அப்படித்தான் நினைத்தாள். தலை எரிந்தபோதும் அவள் குறிப்பைச் சந்தேகிக்கவில்லை. தான் என்ன தப்புச் செய்தோம் என்றுதான் கேட்டாள்.

3

குறிப்பு முழுப் பொய்யும் இல்லை. அதனால்தான் அதை விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் நிலத்தடி நீரைப் பற்றி நாடே அறியும். புளோரைடு மிகுதியால் பற்களும் எலும்புகளும் கெட்டதால்தான் ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013இல் அது தொடங்கிவைக்கப்பட்டது. அந்தத் தண்ணீர் குடிப்பதற்கு. குளிக்கவும் துவைக்கவும் இன்னமும் பெரும்பாலும் போர் தண்ணீர்தான். பாறைக்குள்ளிருந்து ஏறிவரும் அந்த நீரில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் அதிகம். பக்கெட்டின் உட்புறம் வெள்ளையாகப் படிவதைப் பார்க்கலாம். சோப்பு அதில் நுரைக்காமல் திரிந்துபோகும். திரிந்த அந்தப் பிசுக்கு முடிமேல் படியும். முடி சொரசொரப்பாகிச் சிக்கு விழும், சீப்பு இழுக்கும்போது அறுந்து வரும்.

அமிலம் இந்தப் படிவைக் கரைக்கும். பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்க்கும் எந்தப் பெண்ணுக்கும் புளிப்பின் வேலை தெரியும். சோப்பு காரத்தன்மை உள்ளது. அது முடியின் மேல்தோல் செதில்களைத் தூக்கிவிடும். லேசான அமிலம் அவற்றைப் படிய வைக்கும், முடி வழவழப்பாகத் தெரியும். தலைக்குச் சோப்புப் போட்டுக் குளித்தவர்களுக்கு வினிகர் அலசல் உண்மையிலேயே பயன்பட்டிருக்கும். சீயக்காய் போட்டவர்களுக்கு அது தேவைப்படவில்லை, ஏனென்றால் சீயக்காய்க் கரைசலே சற்றுப் புளிப்பானது. வேறொரு வீட்டின் வேறொரு தொல்லைக்கு எழுந்த தீர்வு, பல கை மாறி நமக்கு வந்திருக்கிறது.

வந்த இடத்தில் என்ன ஆனது? குறிப்பு சொல்வது ஆப்பிள் பழத்தைப் புளிக்க வைத்து எடுத்த வினிகர். அதன் விலை பார்த்துவிட்டு அவள் வாங்கியது மளிகைக் கடையின் வெள்ளை வினிகர். பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். அசெட்டிக் அமிலத்திலிருந்து செய்த செயற்கை வினிகர் என்று அச்சிட்டிருந்தது. உணவுச் சட்டப்படி அப்படி அச்சிட்டே ஆக வேண்டும். இயற்கை அலசலின் முதல் பொருளே ரசாயன ஆலையிலிருந்து வந்தது. இதைச் சொன்னபோது அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. உண்மையில் இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டிலும் வேலை செய்வது ஒரே அமிலம்தான், தலைமுடிக்கு வித்தியாசம் தெரியாது. தவறு அளவில்தான் நடந்தது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி வினிகர் தாராளம். நம் ஊர்த் தண்ணீரில் உள்ள காரம் அதிலும் ஒரு பகுதியைத் தின்றுவிடும், மிச்சமிருப்பது மிதமான புளிப்பு. அதை ஊற்றி ஓரிரு நிமிடத்தில் அலசிவிட வேண்டும், கண்ணில் படக் கூடாது, தோலில் புண்ணோ கீறலோ இருந்தால் தொடவே கூடாது.

வாசனை எண்ணெய்களின் கதை வேறு. அவை தண்ணீரில் கரையாதவை, வினிகரிலும் கரையாதவை. எவ்வளவு குலுக்கினாலும் பிரிந்து மேலே மிதக்கும். சாய்க்கும்போது முதலில் விழுவது நீர் சேராத அந்தப் படலம். அவள் வகிடு கன்றியதில் வினிகரின் பங்கும் இருந்திருக்கலாம், பெரும் பங்கு இதற்கு என்று நினைக்கிறேன். இந்த எண்ணெய்கள் மிகவும் அடர்த்தியானவை. ஒரு கிலோ ரோஜா எண்ணெய் எடுக்க மூவாயிரம் கிலோவுக்கு மேல் இதழ்கள் வேண்டும். இத்தனை இதழ்களைப் பறித்த விரல்களும் தோன்றா எழுவாய்தான். ஓசூர்ப் பசுமைக் குடில்களில் பிப்ரவரி மாதப் பூங்கொத்துகளுக்காக ரோஜா வெட்டும் பெண்களைக் காலை நேரத்தில் பார்த்திருக்கிறேன். முள் குத்திய விரல்களில் துணி சுற்றியிருப்பார்கள்.

4

இப்போது மாதவியிடம் வருகிறேன்.

கடலாடு காதையில் வருவது நம் இலக்கியத்தின் மிக விரிவான கூந்தல் அலசல். துவரும் விரையும் ஓமாலிகையுமாக நாற்பத்தேழு பொருள்கள் ஊறிய நீர். உரை மரபில் வரும் துவர்ப் பட்டியலில் பூவந்தி இருக்கிறது, திரிபலை இருக்கிறது, கருங்காலியும் நாவலும் இருக்கின்றன. பூவந்தி என்பது எங்கள் எல்லையில் தெலுங்குக்காரர்கள் குங்குடுகாய் என்று சொல்லும் அதே நுரைக்கும் காய். எண்ணெய் பூசிய கூந்தலை அந்த நீரில் ஆட்டி, வாசப் புகையில் உலர்த்தி, ஐந்து பகுதியாக வகுத்து, கத்தூரிக் குழம்பு ஊட்டுகிறாள் மாதவி. வரிசையும் அளவும் தவறாத எழுத்து. அழகுக் குறிப்பின் மூதாதை என்றே சொல்லலாம்.

எதற்காக இவ்வளவு? கோவலன் ஊடியிருக்கிறான். அவன் மனம் மகிழ வேண்டும். நாற்பத்தேழு பொருள்களும் ஒரு ஆணின் முகத்தை மலர்த்துவதற்காக நீரில் ஊறுகின்றன. அதே காப்பியத்தில், சற்று முன்னால் அந்திமாலைச் சிறப்புச்செய் காதையில், கண்ணகியின் கூந்தல் நெய்யை மறந்து கிடக்கிறது. ஒருத்தி தலையில் நாற்பத்தேழு, இன்னொருத்தி தலையில் ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லை. இரண்டையும் தீர்மானிப்பது ஒரே ஆள் எந்த வீட்டில் இருக்கிறான் என்பது. மாதவியும் கண்ணகியும் ஒருவருக்கொருவர் எதிரி என்று கதை கேட்டு வளர்ந்த நமக்கு, இரு தலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. இருவரின் கூந்தலும் இருவருடையதாக இல்லை.

மூன்றாவதாக ஒரு கூட்டம் இருக்கிறது. கருங்காலியைச் சிதைத்தவர்கள், நெல்லியைக் கொட்டை நீக்கியவர்கள், நீர் சுமந்தவர்கள், புகைச் சட்டியை ஊதியவர்கள். பொருள்களுக்கு எண்ணிக்கை உண்டு. இவர்களுக்கு எண்ணிக்கை இல்லை. என் மாணவி மூன்றாவது வரிசையிலிருந்து கேட்டது இவர்களைத்தான்.

கூந்தல் மணம் பற்றி நம்மிடம் இன்னும் புகழ்பெற்ற வழக்கு ஒன்று உண்டு. எங்கள் தலைமுறைக்கு அது 1965இல் ஏ.பி. நாகராஜன் இயக்கிய 'திருவிளையாடல்' படத்தின் வழியாக வந்தது. நாகேஷின் தருமி, சிவாஜியின் சிவன், நக்கீரராக நாகராஜனே. எத்தனை முறை பார்த்தாலும் சிரிப்பு வரும், எனக்கும் வரும். ஆனால் வழக்கு என்ன? பெண்களின் கூந்தலுக்கு மணம் இயற்கையா, செயற்கையா? மன்னனுக்கு ஐயம் எழுகிறது. ஐயம் எழுந்தது பக்கத்தில் இருந்த அரசியின் கூந்தலை முகர்ந்து. அவளைக் கேட்டிருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும். அவளைக் கேட்காமல் ஆயிரம் பொன்னைச் சங்கத்தில் தொங்கவிடுகிறான். புலவர் வாதிடுகிறார், இறைவன் வாதிடுகிறார், நெற்றிக்கண் திறக்கிறது, ஒருவர் பொற்றாமரைக் குளத்தில் விழுகிறார். இத்தனை ஆண்கள் ஒரு பெண்ணின் தலையைப் பற்றிப் பேசும் அவையில் அந்தப் பெண் மட்டும் பேசவில்லை.

நாம் வழக்கமாக நக்கீரர் பக்கம் நிற்போம். குற்றம் குற்றமே என்ற துணிவுக்காக. எனக்கும் அவர் பக்கம்தான் விருப்பம், வேறு காரணத்துக்காக. மணம் தானாக வராது, பூச்சூடுவதாலும் பூசுவதாலும் வருகிறது என்று அவர் சொன்னார். அதாவது, அது செய்யப்பட்டது என்றார். செய்யப்பட்டது என்றால் செய்தவள் இருக்க வேண்டும். அந்த ஓர் அடியை மட்டும் அவர் எடுத்து வைக்கவில்லை. வாதம் தேவமாதர் கூந்தலுக்குப் போகிறது, காளத்தியின் ஞானப்பூங்கோதை வரைக்கும் போகிறது, வீட்டுக்குள் இருக்கும் பணிப்பெண் வரைக்கும் வரவே இல்லை.

இந்தப் பெரும் சண்டைக்குக் காரணமான பாடல் குறுந்தொகையில் இரண்டாவதாக இருக்கிறது. அதை எடுத்துப் படித்துப் பாருங்கள். இயற்கையா செயற்கையா என்ற கேள்வியே அதில் கிடையாது. ஒரு காதலன் தும்பியிடம், நீ அறிந்த பூக்களில் இவள் கூந்தலைவிட மணமுள்ளது உண்டா, எனக்காகச் சொல்லாமல் உள்ளதைச் சொல் என்கிறான். அவ்வளவுதான். இயற்கை என்ற சோதனையைக் கூந்தலின் மேல் ஏற்றியது பிற்காலக் கதை. ஏற்றிய பிறகு அது இறங்கவே இல்லை. இன்றைக்கும் ஒரு பெண் தலைக்குச் சாயம் பூசினால், சவுரி வைத்தால், இது சொந்த முடியா என்ற கேள்வி வருகிறது. கேட்பவர் தன்னை நக்கீரராக நினைத்துக்கொள்கிறார்.

குறிஞ்சிப்பாட்டில் மட்டும் எனக்கு மூச்சு விட ஓர் இடம் கிடைக்கிறது. தோழி பேசும் பாட்டு அது. தினைப்புனம் காத்த பெண்கள் அருவியில் ஆடி, கூந்தலைப் பிழிந்து, ஈரம் துவட்டி, கண் சிவந்து, பிறகு பூப்பறிக்கப் போகிறார்கள். தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயர் வரும் அந்த இடத்தைத்தான் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம். அதற்கு முந்தைய வரியில் பெண்கள் தங்கள் கையால் தங்கள் தலையைப் பிழிகிறார்கள். எதற்கு என்றால், நனைந்திருந்தது, அதற்கு.

5

அப்படியானால் பழையதே நல்லது, அரப்புக்கும் சீயக்காய்க்கும் திரும்புவோம் என்று சிலர் சொல்லலாம். அரப்போடு வளர்ந்தவள் என்பதால் அதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்துக் கரடுகளில் உசிலை மரம் உண்டு. அதன் இலைதான் அரப்பு. என் அம்மா வருடத்துக்கு இரண்டு முறை மற்ற பெண்களோடு விடியற்காலையில் கரடு ஏறி இலை உருவிக்கொண்டு வருவார். நிழலில் உலர்த்த வேண்டும், வெயில் பட்டால் பச்சை போய்விடும். பிறகு உரலில் இடிப்பது, மெல்லிய துணியில் சலிப்பது. இடிக்கும்போது எழும் தூசி மூக்கில் ஏறி அன்று முழுக்கத் தும்மல். பாதி வீட்டுக்கு, பாதி சந்தைக்கு. படியில் அளந்து விற்றுக் கிடைக்கும் காசு உப்புக்கும் பருப்புக்கும் சரியாகப் போகும். எண்ணெய் தேய்த்த என் தலையில் அம்மா அரப்பைக் குழைத்து அப்பும்போது கண் எரியும், நான் கத்துவேன். "கண்ண மூடுடி, காட்டுக்குப் போயி இதக் கொண்டுவந்தவ நானே கத்தல, நீ கத்தற" என்பார். இன்று அரப்பு நல்ல பொட்டலத்தில், அழகான எழுத்தில், கிராமத்து மணம் என்ற வாசகத்தோடு வருகிறது. விலையைப் பார்த்தபோது அம்மாவின் படி நினைவுக்கு வந்தது.

பாக்கெட் ஷாம்பு வந்தபோது முதலில் மகிழ்ந்தது அம்மாதான். கடலூர் சின்னி கிருஷ்ணன் குடும்பம் சிறு பாக்கெட்டில் ஷாம்பு விற்கும் வழியைக் கண்டது தமிழ்நாட்டின் வணிக வரலாற்றில் பெரிய செய்தி. 1983இல் சிக் வந்தது. மேல்தட்டுப் பெண்கள் பாட்டிலில் வாங்கியதைக் கூலிக்காரப் பெண் சில்லறையில் வாங்க முடிந்தது. அம்மா ஒரு பாக்கெட்டைக் கிழித்து எங்கள் இருவர் தலைக்கும் பங்கு வைத்தார். ஞாயிற்றுக்கிழமையில் அரை நாள் அவருக்குத் திரும்பக் கிடைத்தது. அந்த அரை நாளில் அவர் ஒன்றும் செய்யவில்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அம்மா சும்மா உட்கார்ந்திருந்த காட்சியை நான் முதலில் பார்த்தது அப்போதுதான். ரசாயனம், செயற்கை என்று யாராவது எளிதாகப் பழிக்கும்போது எனக்கு அந்தத் திண்ணை தெரிகிறது.

பெரியார் இன்னும் ஒரு படி மேலே போனார். பெண்கள் முடியைக் கிராப் வெட்டிக்கொள்ளட்டும், வாரிப் பின்னிப் பூச்சூடும் நேரம் மிச்சமாகட்டும் என்றார். கூந்தலைப் பற்றிப் பேசிய ஆண்களில் மணத்தை விட்டு நேரத்தைக் கணக்கிட்டவர் அவர். அந்தக் கணக்கு இன்றும் செல்லும். ஆனால் கூந்தல் வைத்துக்கொள்வதில் ஒரு பெண்ணுக்கு இருக்கும் ஆசையையும் நான் மதிக்கிறேன். பன்னிரண்டு மணி நேரம் தொப்பிக்குள் அடைந்து, பூ வைக்கக் கூடாது, எண்ணெய் வைக்கக் கூடாது என்ற விதிகளுக்குள் இருந்துவிட்டு வருகிறவள், விடுப்பு நாளில் தலையை அவிழ்த்துவிட்டு வெயிலில் உட்கார ஆசைப்படுகிறாள். அந்த ஆசையை அடிமைத்தனம் என்று யார் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன்.

சீனாவின் குவாங்சி பகுதியில் சிவப்பு யாவ் இனப் பெண்கள் புளித்த அரிசித் தண்ணீரில் நீண்ட கூந்தலை அலசுகிறார்கள். உலகமெங்கும் அந்தக் குறிப்பு பரவிவிட்டது. அவர்கள் ஊரில் இப்போது சுற்றுலாப் பயணிகள் முன்னால் கூந்தலை அவிழ்த்துக் காட்டும் நிகழ்ச்சி நடக்கிறது. இயற்கை என்ற பெயர் ஒட்டிய பிறகு, செய்கிறவளின் வாழ்க்கை காட்சியாகிவிடுகிறது.

ஆகவே இயற்கையா செயற்கையா என்பது நம் கேள்வியாக இருக்க வேண்டியதில்லை. அது செண்பகப் பாண்டியனின் கேள்வி. நம் கேள்விகள் வேறு. யார் இடித்தது, யார் நீர் சுமந்தது, எவ்வளவு நேரம் ஆனது, யாருடைய காசு, யாருக்காக?

6

அன்று காலை என் மாணவியின் தலை எரிச்சல் அடங்கியதும் சாப்பிட என்ன வேண்டும் என்று கேட்டேன். பசிக்கவில்லை என்றாள். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது, ஷிப்டில் நிற்கும்போது சில நேரம் கண் இருட்டுகிறது என்று பேச்சுவாக்கில் சொன்னாள். கீழ் இமையைத் தாழ்த்திப் பார்த்தேன். வெளுத்திருந்தது. திங்கட்கிழமை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். ஹீமோகுளோபின் 8.2. கர்ப்பமில்லாத பெண்ணுக்குப் பன்னிரண்டு இருக்க வேண்டும்.

2019–21இல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேர் இரத்தசோகை உள்ளவர்கள். இந்தியாவின் தொழிற்சாலைப் பெண் தொழிலாளர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 43 பேர் வேலை செய்வதும் இதே மாநிலத்தில்தான். இந்த இரண்டு எண்களையும் சேர்த்து வாசிக்க யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. முடி கொட்டுவதற்குக் காரணங்கள் பல. இரும்புச்சத்துக் குறைவு அவற்றில் ஒன்று. உடம்பு தனக்கு வேண்டியதைக் காக்கும்போது முதலில் கைவிடுவது முடியை. எட்டு மாதமாக அவள் உடம்பு அவளிடம் சொல்லிக்கொண்டிருந்ததை, வினிகர் பாட்டிலும் அறுநூறு ரூபாய் எண்ணெயும் கேட்க விடாமல் செய்துவிட்டன.

மாத்திரை கொடுத்தார்கள். கீரை, முருங்கை, வெல்லம், முட்டை என்று வழக்கமான பட்டியலும் சொன்னார்கள். நர்சம்மா சொல்லிக்கொண்டே போக, இவள் குறுக்கிட்டுக் கேட்டாள்: "ஆறு பேருக்கு ஒரே அடுப்புக்கா. இதெல்லாம் யாரு ஆக்கறது?" பழைய கேள்விதான், நான்கு வருடம் கழித்து வேறு இடத்தில். நர்சம்மா எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். பிறகு உட்காரச் சொல்லி, என்ன ஷிப்ட், எத்தனை மணிக்குச் சாப்பாடு, மாதவிலக்கில் எத்தனை நாள் போகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார்.

அந்த வீட்டுப் பெண்கள் ஆறு பேரும் இப்போது சமையலுக்கு முறை போட்டிருக்கிறார்கள். சுவரில் ஒட்டிய தாளை எனக்குக் காட்டினாள். கிழமை, என்ன சமையல், யார் என்று மூன்று கட்டங்கள். ஞாயிறுக் கட்டத்தில் சமையலோடு இன்னொரு வரியும் இருந்தது: தலைக்கு அலசத் தண்ணீர், இரண்டு பக்கெட், நிரப்ப வேண்டியது இன்னார். வினிகர் பாட்டிலை அவர்கள் எறியவில்லை. ஒரு லிட்டருக்கு இரண்டு கரண்டி என்று அதன்மேல் பேனாவால் எழுதியிருக்கிறார்கள்.

இந்த வருடம் கடலாடு காதை நடத்தியபோது கரும்பலகையில் வழக்கம்போல பத்து, ஐந்து, முப்பத்திரண்டு என்று எழுதினேன். கூட்டி நாற்பத்தேழு போட்டேன். பக்கத்தில் 'யார்?' என்று எழுதிவிட்டு உட்கார்ந்தேன். மாணவிகள் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்கள். பிறகு ஒருத்தி, தன் அம்மா பழையபேட்டையில் புளி தட்டப் போகிறார் என்றும், ஓடு நீக்கிக் கொட்டை எடுத்த எடைக்குத்தான் கூலி என்றும் சொன்னாள். கைரேகையே தேய்ந்துபோய்விட்டதாம். இன்னொருத்தி தன் பாட்டி பற்றிச் சொன்னாள். மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வரிக்கு அன்று நாங்கள் போகவில்லை.